வெயிலைப் பாத்து நடங்க

டிசம்பர் 18, வியாழன்

வந்து சேரப் பகல் பன்னிரண்டு மணி ஆயிட்டு. தார் ரோட்டை விட்டு இறங்கிப் பாலைவனத்துக்குள்ள நாப்பது கிலோமீட்டர், அதுக்கே மூணு மணி நேரம். ரெண்டு தடவை டயர் மண்ணுல இறங்குச்சு. எங்க வீட்டுக்காரக ஒரு வார்த்தை முணுமுணுக்காம மண்வெட்டியை எடுத்துத் தோண்டினாக. நான் வண்டிக்குள்ள இருந்துக்கிட்டே, "இடது பக்கம் இன்னும் வெட்டுங்க"ன்னேன். இடது பக்கம் வெட்டினாக.

இது என் கல்லு நோட்டு. எந்தக் கல்லு எந்தத் தேதியில எங்கன கிடைச்சதுன்னு பதினோரு வருசமா இதுல எழுதிட்டு வாரேன். கடைசி எண் 411, போன மார்ச்சுல எழுதினது. ஓமனுக்கு வந்து இருபத்தாறு வருசம் ஓடிட்டு. அவுகளுக்கு ஒர்க்‌ஷாப்புல மெக்கானிக் வேலை. எனக்கு மஸ்கட்டுல ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்துல, லேபுல சாமான் எடுத்து வைக்கிற வேலை. ரெண்டு பேருக்கும் இந்த மாசத்தோட முடியுது. ஜனவரி பதினேழாம் தேதி விமானம், அப்புறம் பாளையங்கோட்டைதான். எப்பவும் பரீட்சை முடிஞ்ச கையோட மார்ச்சுலதான் இங்கன வருவோம். இனிமே மார்ச் ஏது? அதனால மார்கழின்னும் பாக்காம, கடைசியா ஒரு தடவைன்னு கிளம்பி வந்தாச்சு.

அகேட்டைத் தெரியாதவக பாத்தா கூழாங்கல்லுன்னு மிதிச்சிட்டுப் போயிருவாக. மேல பூராவும் அழுக்குத் தோலா இருக்கும். வெயில் நமக்கு எதிரே இருந்து அடிச்சாத்தான் கல்லுக்குள்ள வெளிச்சம் பூந்து, கருப்பட்டிப் பாகு கணக்கா மின்னும். முதுகுல வெயில் வாங்கிட்டு நடந்தா நாள் பூரா நடந்தாலும் ஒண்ணும் ஆப்புடாது. அதனால வெயிலைப் பாத்துதான் நடக்கணும். காலையில கிழக்கே போகணும். உச்சிப்பொழுதுக்குக் கல்லு காட்டாது, நிழல்ல படுத்துக்கிடணும். சாயங்காலம் வெயில் மேற்கே வந்துரும், திரும்பவும் அதைப் பாத்தே நடந்தா வண்டிக்கு வந்து சேந்துரலாம். காம்பஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இது நானே கண்டுபிடிச்ச முறை. பதினோரு மார்ச்சும் இப்படித்தான். ஒரு தடவைகூட வண்டி தப்பினது கிடையாது.

சாயங்காலம் ஸாலிம் வந்தாரு. வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர்ல கூடாரம் போட்டு ஒட்டகம் வச்சிருக்கிற பதூ, பாலைவன நாடோடி. ஆறு வருசப் பழக்கம், ஹிந்தி பேசுவாரு. அரபு வழக்கப்படி என்னை உம் மலர்ன்னுதான் கூப்பிடுவாரு. மலரோட அம்மான்னு அர்த்தம். அவுகளை அபு மலர்ம்பாரு. ஒட்டகப்பால் கொண்டாந்து குடுத்துட்டு, "கடைசி வருசமா?"ன்னு கேட்டுட்டு, தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

அவுகளுக்கு முட்டுவலி. தைலம் தேய்ச்சுவிட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

கண்டேன்! முகாமுல இருந்து கூப்பிடு தூரம்தான். பதினோரு வருசமா இந்தப் பக்கம் நடந்திருக்கேன், எப்படித்தான் கண்ணுல படாமப் போச்சோ. ஒரு சின்ன ஓடைக்கரை, கரை இடிஞ்சு புதுசாச் சரிஞ்சு கிடக்கு. சரிவு பூரா அகேட். ஒண்ணு ரெண்டு இல்ல. சிவப்புல வெள்ளைக்கோடு போட்டது, சாம்பலுக்குள்ள ஊதா ஓடினது. இடம் எங்கனன்னு இந்த நோட்டுல எழுதமாட்டேன்.

அவுகளைக் கூப்பிட்டுக் காமிச்சேன். பூட்ஸ் காலோட அப்படியே சரிவுல இறங்கிட்டாக. நல்ல கல்லு நாலைஞ்சு மண்ணுக்குள்ள போயிட்டு. "ஏ வடிவு, இது நல்ல கல்லா?"ன்னு ஒண்ணை எடுத்து நீட்டினாக. சிக்கிமுக்கி. பதினோரு வருசமா ஒண்ணுக்கும் உதவாத அதைத்தான் எடுத்து நீட்டுதாக. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. மேலே ஏறி வாங்கன்னு சொன்னேன். வந்துட்டாக. அப்புறம் நாள் பூரா டீ போட்டுக்கிட்டும் வண்டிக்கு எண்ணெய் பாத்துக்கிட்டும் இருந்தாக.

வெளிச்சம் போயிட்டதால எண் போட முடியல. நாளைக்குப் பாத்துக்கிடலாம்.

டிசம்பர் 20, சனி

நல்ல வெயில். 412, 413, 414. மூணும் முதல் தரம். ஆறு மணி ஆகப்போகுது, அவுக இன்னும் வரல. டீக்குத் தண்ணி வச்சாச்சு.

டிசம்பர் 21, ஞாயிறு

வரல.

நேத்து இருட்டினதும் ஹெட்லைட்டைப் போட்டு வச்சேன். ஹாரனை அடிச்சு அடிச்சுக் கை வலிச்சுட்டு. பாட்டரி இறங்கிரப் போகுதேன்னு அப்புறம் நிறுத்திட்டேன்.

விடிஞ்சதும் நானே வண்டியை எடுத்தேன். லைசென்ஸ் இருக்கே தவிர எட்டு வருசமாத் தொட்டது கிடையாது. மண்ணுல பூரா ஒரே கியர்ல, அழுதுக்கிட்டே ஓட்டிட்டுப் போய் ஸாலிம் கூடாரத்துல நின்னேன். அவரு ஒரு பையனைத் தார் ரோட்டுக்கு அனுப்பி போலீசுக்குச் சொல்லவச்சாரு. மத்தியானத்துக்குள்ள ரெண்டு ஜீப் வந்துட்டு. நல்ல மனுசங்க. எனக்குத் தண்ணி குடுத்து உக்காரவச்சு, நிதானமாக் கேட்டாங்க.

அவுக பேரு ஆவுடையப்பன், வயசு ஐம்பத்தெட்டு. நீலச் சட்டை, தொப்பி. மூணு லிட்டர் தண்ணி, ரெண்டு ஆரஞ்சு, ஒரு பாக்கெட் பிஸ்கட். காலையில ஏழு மணிக்கு, "ஒரு நடை போயிட்டு வாரேன்"னு அவுகளாக் கிளம்பினாக.

என் முறையை அந்த ஆபீசருக்கு விளக்கிச் சொன்னேன். ஸாலிம் அரபியில மாத்திச் சொன்னாரு. மேப்புல முகாமுல இருந்து கிழக்கே ஒரு கோடு போட்டுக் குடுத்தேன். "இந்தக் கோட்டுல போயிருப்பாக, இதே கோட்டுல திரும்பியிருப்பாக. முட்டுவலிக்காரக, மேடு ஏறமாட்டாக. இந்தக் கோட்டுலதான் எங்கனயாவது உக்காந்திருக்கணும்." ஆபீசர் கோட்டைப் பாத்துட்டு, இவ்வளவு தெளிவாச் சொல்ற ஆள் கிடைக்கிறது அபூர்வம்னாரு. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துட்டு.

ஸாலிம் மட்டும் குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டே தெற்குப் பக்கமாப் போனாரு. இந்தக் காடு பூரா கல்லுத்தரை, கால் பதியாது. "அங்கன எதுக்கு நேரத்தை வீணாக்குதீங்க, கிழக்கே போங்க"ன்னு கூப்பிட்டேன். வந்துட்டாரு.

டிசம்பர் 22, திங்கள்

ஹெலிகாப்டர் வந்தது. கோட்டு மேலேயே கிழக்கே போச்சு, மேற்கே வந்துச்சு. ஆறு தடவை எண்ணினேன். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் இந்தா இறங்குது, இந்தா இறங்குதுன்னு எழுந்து நின்னேன்.

ஜீப்புல தார் ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க, மலர் கிட்டப் பேச. கோயம்புத்தூர்ல பேங்க்குல இருக்கா, எங்களுக்கு ஒரே பிள்ளை. விசயத்தைச் சொன்னதும் அவ சத்தமே போடல. "எவ்வளவு தண்ணிம்மா வச்சிருந்தாக?"ன்னு மட்டும் கேட்டா. மூணு லிட்டர்னேன். குளிர்காலம்தானட்டி, வெயில் சுள்ளுன்னு அடிக்காதுன்னு சொன்னேன். என் வாயாலேயே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

வந்து அவுக அழுக்குச் சட்டை ரெண்டைத் துவைச்சுக் காயப்போட்டேன். இருக்கிற தண்ணியைச் சட்டைக்குச் செலவழிக்கியேன்னு எனக்கே தோணுச்சு. இருந்தாலும் துவைச்சேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

போனைப் பத்தி ஆபீசர் கேட்டாரு. போன்ல டவர் இல்லன்னாலும் இடம் காட்டுமே, கையில வச்சிருந்தா வழி தெரிஞ்சிருக்குமேன்னாரு. போனை வண்டியிலயே மறந்துட்டுப் போயிட்டாகன்னு சொன்னேன்.

மறக்கல. என் போன்ல சார்ஜ் தீந்துட்டு. கல்லைக் கிடந்த இடத்துலேயே வச்சுப் படம் எடுக்கணும்னு அவுக போனை நான் வாங்கிக்கிட்டேன். குடுத்துட்டு, "நல்லா வெளிச்சம் விழுற மாதிரி எடு"ன்னு சொல்லிட்டுப் போனாக. எண்பத்திரண்டு படம் எடுத்திருக்கேன். எல்லாம் கல்லு.

இதை யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மட்டும் ஆள் வந்துரப் போறாகளா?

டிசம்பர் 24, புதன்

இன்னிக்கும் இல்ல. ஹெலிகாப்டர் மத்தியானத்தோட போயிட்டு. வேற எங்கயோ கூப்பிட்டாங்களாம்.

டிசம்பர் 25, வியாழன்

எங்கிட்டச் சொல்லாமலே ஸாலிம் விடியக்காலம் தென்கிழக்கே போயிருக்காரு. பத்து மணிக்கு ஓட்டமா வந்து, "உம் மலர், வந்து பாருங்க"ன்னாரு. போனேன். முகாமுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் இருக்கும், நடுவுல ஒரு பாறைமேடு மறைச்சுக்கிட்டு நிக்குது. அதைத் தாண்டினா ஒரு தட்டைப் பாறை. அது மேல அஞ்சு கல்லு, உச்சியில ஒரு வெள்ளைக் கல்லு.

கல்லு பொறுக்குறவக வழக்கம் இது. போற வழியெல்லாம் எடுத்துச் சுமக்க முடியாது. அங்கங்க குவிச்சு, அடையாளத்துக்கு மேல ஒரு வெள்ளைக் கல்லை வச்சிட்டுப் போயி, திரும்பி வரும்போது அள்ளிக்கிட்டு வருவோம். நான்தான் அவுகளுக்குப் பழக்கிவிட்டேன்.

"அபு மலரோடதுதானா?"ன்னு ஸாலிம் கேட்டாரு. அஞ்சையும் கையில எடுத்துப் பாத்தேன். அஞ்சும் சிக்கிமுக்கி. உலகத்துல வேற ஒரு மனுசன் இந்த அஞ்சையும் குனிஞ்சு எடுத்துப் பாறையில அடுக்கமாட்டான். ஐயோ, அங்கனயே உக்காந்து அழுதுட்டேன். அந்த மனுசன் முட்டுவலியோட அஞ்சு தடவை குனிஞ்சிருக்காகளே.

சனிக்கிழமை நடந்ததை எழுதிருதேன். அவுக நடை போறேன்னு சொல்லல. "இன்னைக்கு முட்டு ஒரு மாதிரி இருக்கு வடிவு, நான் இங்கனயே இருக்கேன், உனக்கு டீ போட்டுக் குடுக்கேன்"னுதான் சொன்னாக. இங்கன இருந்தா ஓடைக்கரைக்கு வருவாக, பூட்ஸ் காலால மிதிப்பாக, நொடிக்கொரு தரம் சிக்கிமுக்கியைத் தூக்கி நீட்டுவாக. எனக்கு அந்தச் சரிவு முழுசா வேணும். கடைசி வருசம், யாரும் பக்கத்துல இருக்கக் கூடாது, எனக்கே எனக்குன்னு. நான்தான் விரட்டினேன். "சும்மா உக்காந்தா முட்டு இன்னும் பிடிச்சுக்கும், ஒரு நாளாவது நீங்களாப் போயி ஒரு கல்லு கொண்டுவாங்க பாப்போம்"னேன். சிரிச்சாக. தொப்பியை எடுத்துத் தலையில வச்சாக.

டிசம்பர் 26, வெள்ளி

நேத்துல இருந்து மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே கிடந்துச்சு. கிழக்கே போன மனுசனோட குவியல் தென்கிழக்கே எப்படி வந்துச்சு? அவுகளுக்குத் திசை தெரியாதுன்னு வச்சுக்கிட்டேன். எப்பவும் அவுக மேலதான் போடுவேன்.

இன்னிக்குச் சாயங்காலம் டீத்தம்ளரோட உக்காந்திருக்கேன். வெயில் இறங்குது. மேற்கே ரெட்டைத்தலைக் குன்று ஒண்ணு உண்டு. மார்ச்சுல வந்தா சூரியன் அந்த ரெண்டு தலைக்கும் நடுவுலதான் இறங்கும், வருசா வருசம் படம் எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கு அங்கன இறங்கல. எங்கனயோ இடது பக்கம், குன்று கூட்டம் எல்லாம் முடிஞ்சு, வெறுங்காடாக் கிடக்கிற இடத்துல இறங்குச்சு.

டீ ஆறிட்டு. நான் எழுந்திருக்கல.

மார்கழியில சூரியன் தெற்கேதான் கிடக்கும். இதைச் சொல்ல யாராவது வேணுமா? பாளையங்கோட்டை வீட்டுல மார்கழி தையிலதான் தெற்கு ஜன்னல் வழியா அடுக்களைக்குள்ள வெயில் வரும், மாவு காயப்போட வாகா இருக்கும். தை பிறந்தா வெயில் வடக்கே திரும்புதுன்னு பொங்கப்பானைக்கு முன்னால நின்னு கும்பிடுதோம். எட்டாங்கிளாஸ் பாடத்துக்கு வருசா வருசம் பூமி உருண்டையைத் தூக்கிட்டுப் போயி மேசையில வச்சவ நான். வாத்தியார் பேனா டார்ச்சை அடிச்சுக் காட்டுவாரு, நான் பின்னால நின்னு பாத்திருக்கேன். எல்லாம் தெரியும். பதினோரு மார்ச்சுல சரியா வந்துட்டதால, அது மார்ச்சுக்கு மட்டும்தான் சரிங்கிறது என் மரமண்டைக்கு ஏறல.

காலையில வெயிலைப் பாத்து நடந்தா தென்கிழக்கு. சாயங்காலம் வெயிலைப் பாத்து நடந்தா தென்மேற்கு. ரெண்டு தடவையும் தெற்கே. வண்டி நின்ன இடத்துக்கு வரமாட்டாக. அதுக்கு நாலஞ்சு கிலோமீட்டர் தெற்கே, ஒண்ணுமில்லாத பொட்டல்ல போயி நின்னிருப்பாக.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதை எழுதத்தான் கை வர மாட்டேங்குது.

கிளம்பும்போது அவுக கேட்டாக. "வழி தப்பிட்டா என்ன செய்யணும் வடிவு?" நான் ஓடைக்கரைக்குப் போற அவசரத்துல இருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தல. "தப்பாது. தப்பின மாதிரி தெரிஞ்சா உங்க புத்தியைப் போட்டு யோசிக்காதீங்க. அது என்னைக்கும் சரியா இருந்ததில்ல. வெயிலை நம்புங்க. வெயிலைப் பாத்து நடங்க, அவ்வளவுதான்"னேன்.

"சரி"ன்னாக.

அப்படின்னா ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து திரும்பவும் வெயிலைப் பாத்து நடந்திருப்பாக. இன்னும் தெற்கே. சாயங்காலமும் அப்படித்தான். நான் இங்கன ஆபீசருக்குக் கிழக்கே கோடு போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்த நேரத்துல, அவுக உயிரோட, நான் சொன்னபடி தெற்கே தெற்கே போயிக்கிட்டிருந்திருக்காக.

ஸாலிம் கிட்டச் சொன்னேன். முதல் நாளே தெற்கே போனவரைக் கூப்பிட்டு நிறுத்தினவளும் நான்தான். அவரு அதைச் சொல்லிக் காட்டல. "காலையில கிளம்புவோம்"னு மட்டும் சொன்னாரு.

டிசம்பர் 27, சனி

போலீஸ் ஜீப் ஒண்ணு, ஸாலிம் வண்டி ஒண்ணு. வெயில் ஏழு மணிக்கு எங்கன நின்னுச்சோ அதைப் பாத்துப் போனோம்.

ரெண்டாவது குவியல், நாலு கல்லு. மூணாவது குவியல், ஆறு கல்லு. ஒரு பாறை இடுக்குல நிழல்ல ஆரஞ்சுத் தோலு காஞ்சு கிடந்துச்சு. பிஸ்கட் காகிதத்தை நாலா மடிச்சு ஒரு கல்லுக்கு அடியில வச்சிருக்காக. காட்டுல குப்பை போடக்கூடாதுன்னு திட்டுவேன்ல, அதுக்குத்தான். திரும்பி வரும்போது எடுத்துக்கிடலாம்னு வச்சிருப்பாக.

அங்கன இருந்து தென்மேற்கே திரும்பினோம். அஞ்சு கிலோமீட்டர் போயும் முகாம் வரல, ஒரு மணல் திட்டுதான் வந்துச்சு. அதுல கால்தடம் பதிஞ்சு கிடந்துச்சு. ஸாலிம் இறங்கிப் போயி அரை மணி நேரம் பாத்தாரு. வந்து சொன்னாரு: "இங்கே வந்து நின்னுருக்காரு. வண்டி இருக்கணும்னு நினைச்ச இடம் இதுதான். சுத்திச் சுத்தி வந்திருக்காரு. அப்புறம் இந்தப் பள்ளத்துல படுத்திருக்காரு. காலையில எழுந்து அந்தப் பக்கம் போயிருக்காரு." கையைத் தென்கிழக்கே நீட்டினாரு. காலை வெயில் வர்ற பக்கம்.

அந்தப் பக்கம் முக்கால் கிலோமீட்டர்ல இன்னொரு குவியல். மூணு கல்லு, உச்சியில வெள்ளைக் கல்லு.

ரெண்டாம் நாளும் பொறுக்கியிருக்காக. தண்ணி தீந்துபோன மனுசன், வழி தப்பின மனுசன், குனிஞ்சு கல்லு பொறுக்கியிருக்காக. வெறுங்கையோட வந்தா நான் என்ன சொல்லுவேன்னுதானே? ஆபீசர் என்ன இதுன்னு கேட்டாரு. ஸாலிம் எனக்குப் பதிலா என்னவோ சொன்னாரு. எனக்கு அரபி அவ்வளவு புரியாது.

வெளிச்சம் போயிட்டு, திரும்பிட்டோம். இனிமே உயிரோட இருப்பாகன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல. இன்னிக்கு எட்டாம் நாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

பதினொன்னரை மணிக்குக் கிடைச்சுட்டாக.

முழுசும் எழுதமுடியாது. எழுதவேண்டியதை எழுதுதேன்.

அந்தக் குவியலுக்கு அப்புறம் வேற குவியல் இல்ல. ஸாலிம் தடம் பாத்துக்கிட்டே முன்னால போனாரு, நாங்க பின்னால. போகப்போக ஒரு ரோடு வந்துச்சு. தார் ரோடு இல்ல, கப்பி போட்டு ரோலர் ஓட்டின அகலமான ரோடு. எண்ணெய்க்கிணத்து ஆளுகளுக்குத் தண்ணி கொண்டுபோற லாரி தினமும் காலையில அதுல போகுமாம். நாங்க வடக்கே இருந்து வாரதால இப்படி ஒரு ரோடு இருக்கிறதே எனக்குத் தெரியாது.

ரோட்டோரம் இளமண்ணு. அதுல அவுக தடம் அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. ஸாலிம் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணாக் காட்டினாரு. "இங்கே வந்து நின்னாரு. சாயங்காலம், காலை இழுத்து இழுத்து வந்திருக்காரு. இங்கே வலது பக்கம் பத்து அடி போனாரு. திரும்பி வந்தாரு. இடது பக்கம் பத்து அடி போனாரு. திரும்பி வந்தாரு. இங்கே உக்காந்தாரு, பாருங்க, கை ஊனின இடம். ரொம்ப நேரம் உக்காந்திருக்காரு." அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிக் காட்டினாரு. தடம் ரோட்டைத் தாண்டி, தென்மேற்கே, இறங்குற வெயிலைப் பாத்துப் போயிருந்துச்சு.

அந்தப் பக்கம் ஒண்ணரைக் கிலோமீட்டர்ல இருந்தாக. ஒரு பாறையில சாஞ்சு. தொப்பியை முகத்து மேல போட்டிருந்தாக.

ஸாலிம் என் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டாரு. "உம் மலர், எனக்கு ஒண்ணுதான் புரியல. ரோடு கிடைச்சுட்டு. ரோட்டுல உக்காந்திருந்தா காலையில லாரி வந்து ஏத்திட்டுப் போயிருக்கும். எதுக்கு ரோட்டை விட்டுட்டுப் போனாரு? பாலைவனத்துல பிறக்காதவனுக்குக்கூட அந்த அறிவு வருமே."

எனக்குத் தெரியும். ரோட்டைப் பாத்ததும் அவுக புத்தி இங்கனயே இருன்னு சொல்லியிருக்கும். ரெண்டு பக்கமும் நடந்து பாத்திருக்காக. உக்காந்து யோசிச்சிருக்காக. அப்புறம், யோசிக்காதீங்கன்னு நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கும்.

தெரியலன்னு சொன்னேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

மஸ்கட். ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், காகிதம். எங்க ஒர்க்‌ஷாப்பு ஆளுக கூடவே நிக்குதாக. மலர் நாளைக்கு வாரா.

ஜனவரி 3, சனி

நேத்து எல்லாம் முடிஞ்சுட்டு. ஊருக்குக் கொண்டு போகவேண்டாம், இங்கனயே சோஹார் சுடுகாட்டுல வச்சுத் தகனம் பண்ணிரலாம்னு மலர்தான் சொன்னா. சரின்னுட்டேன். எதைச் சொன்னாலும் சரின்னுதான் சொல்லுதேன் இப்ப.

வந்தவக எல்லாரும் போனப்புறம், இன்னிக்கு மத்தியானம், அவளை உக்காரவச்சு எல்லாத்தையும் சொன்னேன். ஒண்ணைக்கூட விடல. ஓடைக்கரை, போன், விரட்டினது, மார்கழி வெயிலு, மேப்புல கோடு போட்டது, ஸாலிமைக் கூப்பிட்டு நிறுத்தினது. உங்க புத்தியை நம்பாதீங்கன்னு சொன்னதை அப்படியே சொன்னேன். ரோட்டுல இருந்த தடத்தைச் சொன்னேன். "உங்க அப்பாவை நான்தாட்டி கொன்னேன்"னேன். அவ என்னை அடிக்கணும், வெளியே போன்னு சொல்லணும். மூஞ்சியில முழிக்காதன்னாவது சொல்லுவான்னு இருந்தேன். அதுதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு.

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அழுகைக்கு நடுவுல லேசாச் சிரிக்கக்கூடச் செஞ்சா.

"எம்மா, நீ என்னம்மா இப்படிப் போட்டுக் குழப்பிக்கிடுத? அப்பா என்னைக்கும்மா நீ சொல்லிக் கேட்டிருக்காக? நீ கிழக்கேன்னா அவுக மேற்கேம்பாக. எத்தனை தடவை நீயே போன்ல எங்கிட்ட அழுதிருக்க. கடைசியில மயக்கம் வந்திருக்கும், வழி தெரியாம ரோட்டைத் தாண்டிப் போயிருப்பாக. நீ சொன்னதெல்லாம் அவுக காதுலயே ஏறியிருக்காதும்மா. எந்திரி, ஒரு வாய் சாப்பிடு."

ரசஞ்சோத்தைப் பிசைஞ்சு கையில வச்சா. சாப்பிட்டேன்.

கல்யாணமான இந்த முப்பத்தொரு வருசத்துல அவுக என் சொல்லைத் தட்டினது ஒரு நாள்கூடக் கிடையாது. எந்தச் சட்டையைப் போடுங்கன்னேனோ அதைப் போட்டாக. எப்ப வாங்கன்னேனோ அப்ப வந்தாக. போன்னா போனாக. நான்தான் பாக்கிறவக கிட்டயெல்லாம், பெத்த பிள்ளை கிட்டயும், "இந்த மனுசன் எம் பேச்சை என்னைக்குக் கேட்டாரு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். அவுக பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே சிரிப்பாக, ஒரு தடவைகூட இல்லன்னு சொன்னது கிடையாது.

அதைக் கேட்டுத்தான் அவ வளந்திருக்கா.